அரை அங்குல மேடு

நேசகுமார் தரை செய்றவன், நான் வூடு செய்றவன். இதுல யாரு ஒசத்தின்னு பதினோரு வருஷம் ரெண்டு பேரும் சண்டை போட்டிருக்கோம். இப்ப அவன் பாகாலா பக்கத்துல ரயில் ரோட்டுக்கு ஜல்லி கொட்ற கேங்குல இருக்கான். எதிர்ல பாத்தா ஒரு தலையாட்டல், அவ்ளோதான். அவனப் பத்திச் சொல்லணும்னா எம் மேலயும் கொஞ்சம் சேறு அடிக்கும். அடிக்கட்டும், அடிக்க வேண்டிய சேறுதான்.

எங்க வேலைக்கு மாதிரி வேலைன்னு பேரு. சத்திரத்துக்காரங்க வந்து ஏழுமலையச் சின்னதா செஞ்சி குடுங்கன்னு கேப்பாங்க. மிஷன் பள்ளிக்கூடத்துல பெத்லகேம் ஊரச் செஞ்சி குடுங்கம்பாங்க. ஓவர்சீயருங்க பாலம், ஏரி, கால்வாய்னு கொண்டாருவாங்க. சித்தூர் மார்க்கெட்டுக்குப் பின்னால ஒரு தகரக் கொட்டாய்ல ரெண்டு பேரும் செய்வோம். கோபுரம், வூடு, மதகு, வண்டி எல்லாம் நானு. என் பேரு செங்கல்வராயன். நகரியில எங்களுது தறிக்காரக் குடும்பம். எனக்குத் தறியில உக்காரப் பொறுமை இல்ல, தறி செய்ற தச்சன்கிட்ட போயி உளியப் புடிச்சிட்டேன். மலை, மண்ணு, பாறை, வயலு, இதெல்லாம் நேசகுமாரு.

அவன் தரை போட்றதப் பாத்தா எனக்கு எரிச்சலா வரும். பலகைய மட்டும் ஒரு மாசம் நெழல்ல காயவெப்பான். அடியில குறுக்குச் சட்டம் அடிப்பான், அப்பதான் மழைக்காலத்துல வளையாதாம். மேல மூங்கில் செதில், அதுக்கு மேல கோணித்துணி. மரத்தூளும் சலிச்ச மண்ணும் சுண்ணாம்பும் கலந்து வஜ்ஜிரப் பசையக் காய்ச்சி ஊத்திப் பெசைவான். பூச்சி அரிக்காம இருக்க மயில்துத்தம் போடுவான். ஒரு பூச்சு காஞ்சாதான் அடுத்த பூச்சு. உவர் மண்ணு தப்பித்தவறி கலந்துட்டா நாலு மாசம் கழிச்சி வெள்ளையா பூத்துக்கினு வரும்னு, ஒவ்வொரு கூடை மண்ணையும் நாக்குல வெச்சிப் பாப்பான். ஞாயித்துக்கெழம வேதக்கோயில்ல பாட்டு பாட்ற வாயி, திங்கக்கெழம மண்ணு துன்னும்.

எல்லாம் முடிஞ்சப்புறம் செருப்பக் கழட்டிட்டு அது மேலயே ஏறி நிப்பான். ஒரு குடம் தண்ணிய ஊத்துவான். கரையாம, விரிசல் உடாம இருந்தாத்தான் எங்கிட்ட தருவான். நான் கத்துவேன்.

"யோவ், பாக்க வர்றவன் எவனாவது தரையப் பாப்பானா? எங் கோபுரத்தத்தான் பாப்பான்!"

"தரைய எவனும் பாக்கலன்னாதான்டா அது நல்ல தரை" என்பான். அதக் கேட்டா இன்னும் எரியும்.

முப்பத்தாறாம் வருஷம் கடைசியில ஒரு ஜமீன் கச்சேரியிலேர்ந்து ஆளு வந்துச்சி. ஜமீன் பேரு வேணாம், அவங்க மேல தப்பு இல்ல. பழைய ஏரி ஒண்ணு, அதோட கரைய ஒசத்தப் போறாங்க. ஒசத்தினா எவ்ளோ தூரம் தண்ணி பரவும்னு ஜனங்க பாக்கணும், அதுக்கு மாதிரி வேணும். தை மாசம் சித்தூர்ல நடக்கற பொருட்காட்சியில வெக்கணும். எது எவ்ளோ ஒசரம்னு அளந்து எழுதின லெவல் காகிதத்தை எடுத்தாந்தவரு உமாபதின்னு ஒரு ஓவர்சீயரு, பாதி தெலுங்கு பாதி தமிழ் பேசறவரு. காகிதத்தைப் பிரிச்ச ஒடனே நேசகுமார் மொகம் மாறிடுச்சி.

அந்த ஏரிக்குள்ள நீட்டிக்கினு இருக்கற மேட்டுல பத்தொம்பது வூடு, ஒரு ஜெபக்கூடம், ஒரு கல்லறைத் தோட்டம். மிஷன்காரங்க குடிவெச்ச ஊரு, பெத்தேல்மேடுன்னு பேரு. அவன் பொறந்த ஊரு அது. அவன் அக்கா ஞானம்மா அங்கதான் இருந்தா. அம்மா போனப்புறம் அவன வளத்தவ அவதான். அவ வூட்டுக்காரரும் ஒரே பொண்ணும் ஒரே வருஷத்துல வாந்திபேதியில போயிட்டாங்க, அந்தத் தோட்டத்துலதான் ரெண்டு பேரையும் பொதைச்சிருக்கு. வருஷா வருஷம் ஈஸ்டருக்கு முந்தி அந்த ஊரு பூராவும் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிப்பாங்க. ஞானம்மா மட்டும் ரெண்டு கல்லறைக்கும் மூணு தரம் அடிப்பாளாம்.

"தண்ணி மேட்டத் தொடுமா சார்?"ன்னு நேசகுமார் கேட்டான்.

"ஏரி ரொம்பினா மேடு அரை அடி மேல நிக்குது. அரை அடிதானய்யா. நான் வேற எடத்துக்குப் போங்கன்னுதான் சொல்றேன். ரயில் ரோட்டுக்கு அந்தாண்ட ஜமீன்ல நெலம் தராங்க, வூடும் கட்டித் தராங்க. போறதும் இருக்கறதும் அவங்க இஷ்டம். காட்சியில மாதிரியப் பாத்துட்டு சொல்லட்டும்" என்றார் உமாபதி.

ரயில் ரோட்டுக்கு அந்தாண்ட இருக்கற நெலம் எனக்குத் தெரியும். கல்லும் காரைமுள்ளும்தான். ஆனா ஒசரமான எடம்.

அன்னிக்கே வேலைய ஆரம்பிச்சிட்டோம். அந்தத் தரைய அவன் செஞ்ச மாதிரி எந்தத் தரையையும் செஞ்சதில்ல. ஊருக்கே போயி மண்ணு எடுத்தாந்தான். வயல் மண்ணு வேற, மேட்டு மண்ணு வேற, கரை மண்ணு வேற. பீர்க்கங்கூட்டக் கிழிச்சி சாயம் போட்டு மரமெல்லாம் வெச்சான். கல்லறைங்களுக்கு நொய்யரிசி வெக்கலாம்னு நான் சொன்னேன். எறும்பு துன்னுடும்னுட்டு, கிளிஞ்சலை ஒடைச்சி ஒவ்வொண்ணா ஊசியால ஒட்டினான். எத்தினி கல்லறைன்னு அவனுக்கு மனப்பாடம். ஏரித் தண்ணிக்கு ஒரு பெரிய கண்ணாடிய அறுத்து, அடியில பச்சை பூசி, ரொம்பின மட்டத்துல பதிச்சான்.

நான் பத்தொம்பது வூட்டையும் மஞ்சக்கடம்புக் கட்டையில செதுக்கினேன். ஒவ்வொண்ணும் புளியங்கொட்டை அளவு. கூரைக்கு வெளக்குமாத்து ஈர்க்கு. ஞானம்மா வூட்டுக்கு வாசப்படி ஒரு கல்லுன்னு அவன் சொன்னான், ஊசி முனையில அதையும் வெச்சேன். பெருமையா சொல்லிக்கறேன், அந்த மாதிரி வூடு இந்த ஜில்லாவுல எவனும் செதுக்க முடியாது.

வூட்டையெல்லாம் தரை மேல வெச்சேன். வயித்தெரிச்சல்! அந்த மாதிரியில ஒசரத்துக்கு ஒரு அங்குலம்னா பத்தடி. அரை அடின்னா இன்னா ஆச்சி? தீக்குச்சி கனத்துல பாதி. எம் பத்தொம்பது வூடும் கண்ணாடி மேல ஈ உக்காந்த மாதிரி கெடந்துச்சி. தண்ணி எது, மேடு எதுன்னே தெரியல.

"தூக்குடா" என்றேன்.

"காகிதத்துல அப்படித்தான் இருக்குது."

"காகிதத்தை எவன்டா பாக்கப் போறான்? ரெண்டு மாசம் கண்ணு பூத்துப் போயி செதுக்கியிருக்கேன். பொருட்காட்சிக்கு வர்றவன் இது இன்னா குப்பைம்பான். உங்க அக்கா வூட்ட அவளே கண்டுபுடிக்க மாட்டா. அரை அங்குலம் தூக்கு, போதும்."

அவன் குனிஞ்சி கண்ணாடி மட்டத்துக்குக் கண்ண வெச்சிப் பாத்தான். மத்த எந்த வேலையிலயும் எம் பேச்சக் கேக்காதவன். அவனுக்கும் ஆசைதான். தான் பொறந்த ஊரு தண்ணியோட தண்ணியா ஒட்டிக்கினு இருக்கறதப் பாக்க அவனால முடியல. மறுநாள் காலையில மேட்டப் பேத்தெடுத்து, அரை அங்குலம் தூக்கிப் போட்டான். சரிவு, புல்லு, ஓரத்துல ரெண்டு பாறை எல்லாம் வெச்சி, அங்க எப்பவுமே அப்படி ஒரு மேடு இருந்த மாதிரி ஆக்கிட்டான். எம் பத்தொம்பது வூடும் ஜம்முனு நின்னுச்சி. ஒசரத்துல அரை அங்குலம்னா அஞ்சு அடின்னு ரெண்டு பேருக்கும் தெரியும். தெரிஞ்சும் அத நெனைக்கல.

உமாபதி வந்து கரையப் பாத்தாரு, உபரித் தண்ணி வழியற கலங்கலப் பாத்தாரு, சரின்னு வண்டி ஏத்தச் சொல்லிட்டாரு.

பொருட்காட்சிக்குப் பெத்தேல்மேட்டு ஜனம் மொத்தமா நடந்து வந்துச்சி. உபதேசியார் சத்தியநாதன் முன்னால, மத்தவங்க பின்னால. ஒவ்வொருத்தரா அவங்கவங்க வூட்டக் கண்டுபுடிச்சி சிரிக்கறாங்க. "தோ பாரு நம்ம ஆட்டுக் கொட்டாய்!" "ஐயோ, ஜெபக்கூடத்து மணி!" எனக்குத் தலை கால் புரியல. ஞானம்மா கல்லறைத் தோட்டத்துகிட்ட குனிஞ்சி, ரெண்டு கிளிஞ்சலை மட்டும் பாத்துக்கினே இருந்தா. அப்பால தம்பியப் பாத்துக் கேட்டா.

"ஏன்டா, இதான தண்ணி? நம்ம ஊடு இதுக்கு மேலதான இருக்குது?"

"மேலதான்க்கா" என்றான்.

அவன் பொய் சொல்லல. கண்ணாடிக்கு மேலதான் இருந்துச்சி.

உமாபதி பதறிட்டாரு. "ஏமம்மா, இது அழகுக்கு செஞ்சது. காகிதத்துல அரை அடிதான். பெரிய மழை வந்து கலங்கல் வழிஞ்சா ஏரியில இன்னும் ரெண்டடி ஏறும். மாட்ட வினம்மா, சொன்னா கேளும்மா, வெளிய போயிடுங்க" என்று கையக் கூப்பாத குறையா சொன்னாரு. ஜமீன் ஆளு பேச்ச யாரு கேப்பாங்க? ஊரக் காலிபண்ணி நெலத்தப் புடுங்கத்தான் பாக்கறாங்கன்னு ஒரே முணுமுணுப்பு. "எந் தம்பி செஞ்ச தரை அய்யா இது. எங்க மண்ண அவனே அள்ளியாந்து செஞ்சான், கண்ணால பாத்துட்டோம்" என்றா ஞானம்மா. இருக்கோம்னு சொல்ற கடுதாசியில மத்தவங்க ரேகை வெச்சாங்க. அவ மிஷன் பள்ளிக்கூடத்துல படிச்சவ, தன் கையெழுத்தப் போட்டா.

அன்னிக்குச் சாயங்காலம் நேசகுமார் அடிக்கோல எடுத்தாந்து மேட்ட அளந்தான். கண்ணாடியிலேர்ந்து வாசப்படி வரைக்கும். எம் பக்கம் திரும்பி, "அஞ்சரை அடி காட்டுதுடா" என்றான். 

அடுத்த ஞாயித்துக்கெழம ஆராதனை முடிஞ்சதும் ஜெபக்கூடத்துல எழுந்து நின்னு சொல்லிட்டான். மேடு பொய்யி, கண்ணுக்குத் தெரியட்டும்னு தூக்கினேன், எல்லாரும் கெளம்பிடுங்கன்னு. ஒருத்தர்கூட நம்பல. ஜமீன்காரன் உன் வாயில இன்னாத்தப் போட்டான்னு கேட்டாங்க. ஞானம்மா அழுதுட்டாளாம். "உங்க மாமனையும் பாப்பாவையும் தண்ணியோரம் உட்டுட்டு என்னக் கல்லாங்காட்டுக்குப் போவச் சொல்றியா? மண்ணுல பொய் சொல்ல மாட்டியேடா நீயி. வாயாலதான் இப்ப சொல்ற"ன்னு கேட்டாளாம்.

நேரா எங்கிட்ட வந்தான். கொட்டாய்ல நான் தூண் கடைஞ்சிக்கினு இருந்தேன்.

"வராயா, நீ ஒருத்தன் வந்து சொல்லு. நீ எங்க ஊரு இல்ல, எங்க சபை இல்ல, அங்க உனக்குக் காணி நெலம் இல்ல. நான்தான் தூக்கச் சொன்னேன்னு நீ சொன்னா அக்கா நம்புவா. அவ கெளம்பினா எல்லாரும் கெளம்புவாங்க."

"வரேன்டா. அடுத்த வாரம்" என்றேன்.

அடுத்த வாரம் திருப்பதியில ஒரு சத்திரத்து வேலை. அதுக்கு அடுத்த வாரம் எம் பொண்டாட்டி கிருஷ்ணம்மாவுக்கு ஜொரம். நெஜத்தச் சொல்லட்டுமா? எனக்கு வெக்கம். எம் வூடு தெரியணும்னு உங்க தலையில கைய வெச்சேன்னு ஒரு ஊரு முன்னால எப்படிச் சொல்றது?

ஒரு தரம் போனேன், இல்லன்னு சொல்லல. ஈஸ்டருக்கு முந்தின வெள்ளிக்கெழம. நேசகுமார் ஊர்ல இல்ல. ஏரியில கரை வேலை நடந்துக்கினு இருந்துச்சி. கல்லறைத் தோட்டத்துல எல்லாரும் சுண்ணாம்பு அடிச்சிக்கினு இருந்தாங்க. ஞானம்மா என்னப் பாத்ததும் சுண்ணாம்புக் கையோட ஓடியாந்தா.

"வாப்பா, வாப்பா! எங்க ஊடெல்லாம் செஞ்ச புள்ளையாச்சே!"

வூட்டுக்குக் கூட்டிக்கினு போயி கேழ்வரகுக் கூழு ஊத்தி, வெங்காயம் உரிச்சி வெச்சா. நான் துன்னுக்கினு இருக்கும்போது வாசல்ல போட்டிருந்த அந்த ஒத்தைக் கல்லக் காட்டினா. "இந்தக் கல்லக்கூட உடாம வெச்சிருந்தியேப்பா. எம் பொண்ணு இதுலதான் உக்காந்து வெளையாடும். எனக்கு அங்கயே அழுவ வந்துடுச்சி. உங் கைய கர்த்தர் ஆசீர்வதிக்கணும்" என்றா.

சொல்ல வாயத் தெறந்தேன். இன்னும் கொஞ்சம் கூழு ஊத்தட்டுமான்னு கேட்டா. ஊத்துங்கன்னேன். குடிச்சிட்டு, கை கழுவிட்டு, வந்துட்டேன். அவ்ளோதான் என் யோக்கியதை.

நேசகுமார் மாசா மாசம் கேப்பான், போனியான்னு. போறேன், போறேன்னு ஐப்பசி வரைக்கும் ஓட்டிட்டேன். கடைசியில அவன் கேக்கறத உட்டுட்டான்.

அந்த ஐப்பசி கடைசியில நான் திருச்சானூர்ப் பக்கம் ஒரு சத்திரத்துல கோபுரம் பூட்டிக்கினு இருந்தேன். மழை புடிச்சிச்சி. மொத நாள் நல்ல மழைன்னாங்க. ரெண்டாம் நாள் யாரும் ஒண்ணும் சொல்லல. மூணாம் நாளும் மழை உடல. கட்டின கோபுரத்த அப்படியே போட்டுட்டு ரயிலுக்கு ஓடினேன். பாகாலாவோட ரயில் நின்னுடுச்சி, அதுக்கு மேல ரோடு அடிச்சிக்கினு போயிட்டுதாம். மீதிய நடந்தே போனேன்.

நான் போயி சேந்தப்ப மழை உட்டுடுச்சி. கரை மேல ஜனம் குந்திக்கினு இருந்துச்சி, ஆடு மாடு சட்டி பானையோட. கலங்கல்ல தண்ணி வழிஞ்சிக்கினு இருந்துச்சி. பெத்தேல்மேடு இருந்த எடத்துல தண்ணிக்கு நடுவுல கூரைங்க தெரிஞ்சிச்சி, அதுலயும் பாதி சரிஞ்சி கெடந்துச்சி. மேட்டு மேல முழங்காலளவு தண்ணிதான். மனுசன முழுவடிக்காத தண்ணி. ஆனா ரெண்டு நாள் நின்னா மண்ணு சுவரு இன்னாவாகும்?

எல்லாரும் தண்ணி ஏறின அன்னிக்கே கரையேறிட்டாங்க. ஞானம்மாவும் ஏறினவதான். நான் போன அன்னிக்கு விடிஞ்சதும் கல்லறைங்க எப்படிக் கெடக்குதுன்னு பாக்கப் போயிருக்கா. திரும்பி வரும்போது வூட்டுக்குள்ள பைபிள எடுக்க நொழைஞ்சிருக்கா. பக்கத்துச் சுவரு ஊறிப் போயி அவ மேல உழுந்துடுச்சி. நேசகுமார் தன் கையாலயே அந்த மண்ணத் தோண்டி எடுத்தான். நான் போனப்ப அவன் நகமெல்லாம் ரத்தம்.

கல்லறைத் தோட்டம் தண்ணிக்கடியில கெடந்துச்சி. அவளக் கொண்டுபோயி ரயில் ரோட்டுக்கு அந்தாண்ட கல்லாங்காட்டுல பொதைச்சோம். அங்க அதான் மொத கல்லறை. வூட்டுக்காரரு ஒரு பக்கம், பொண்ணு ஒரு பக்கம்னு அவ நெனச்சி வெச்சிருந்தா. யாரும் இல்லாம ஒத்தையா கெடக்கறா. அப்பால ஊரு பூரா அங்கதான் குடி வந்துச்சி. அதுக்கும் பெத்தேல்மேடுன்னுதான் பேரு.

மார்கழியில நேசகுமார் கொட்டாய்க்கு வந்து, உளிய எடுத்துக்கினு வான்னான். எங்கன்னு கேக்கல. ஜமீன் கச்சேரி வராந்தாவுல அந்த மாதிரி இருந்துச்சி. பாக்க வர்றவங்களுக்குக் காட்ட வெச்சிருந்தாங்க. உமாபதிகிட்ட, மேட்ட மட்டும் சரிபண்ணிட்டுப் போறோம் சார்னு கேட்டான். அவரு தலையாட்டினாரு.

நேசகுமார் உளிய வெச்சி அடிச்சான். வழுக்கிச்சி. மறுபடியும் அடிச்சான், ஒரு பொடி உதிந்துச்சி. அவன் போட்ட வஜ்ஜிரம், அவன் அடிச்ச சட்டம், அவன் ஏறி நின்னு பாத்த தரை. ஒரு வருஷமா வெயிலும் ஈரமும் பட்டும் ஒரு விரிசல் இல்ல, ஒரு பூச்சி இல்ல. அன்னிக்கு மத்தியானம் வரைக்கும் அடிச்சான். உளி வாயி மழுங்கினதுதான் மிச்சம். கடைசியில உளிய வெச்சிட்டு, வராந்தாத் தரையில குந்திட்டான்.

"வராயா, இப்ப சொல்லு" என்றான்.

"இன்னாடா சொல்லணும்?"

"மேட்ட யாரு தூக்கச் சொன்னது?"

உமாபதி கதவாண்ட நின்னுக்கினு இருந்தாரு. 

"நான்தான். எம் வூடு தெரியணும்னு நான்தான் தூக்கச் சொன்னேன். அந்த மேடு பொய்யி."

அவன் கோவப்படல. அடிச்சிருந்தாகூட வாங்கிக்கினு இருப்பேன்.

"இவ்ளோதான்டா. இந்த ரெண்டு வார்த்தை" என்றான். "கூழு குடிச்சிக்கினே சொல்லியிருக்கலாம்."

நான் கூழு குடிச்சது அவனுக்குத் தெரியும்னு அன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சிச்சி. அவன் எழுந்து, மேட்டுலேர்ந்து அக்கா வூட்ட மட்டும் நெம்பி எடுத்து எங் கையில வெச்சான். அந்த மேடு இன்னும் அந்த வராந்தாவுலதான் இருக்குது, பதினெட்டு வூட்டோட. ஞானம்மா வூடு எங்கிட்ட இருக்குது. அந்த ஒத்தைக்கல்லு வாசப்படி கொஞ்சம்கூடத் தேயல.